தண்டல் தாவூதின் கப்பல்

கப்பல் ஒன்று தாழ்ந்துபோனால் அது தாழ்ந்துபோயிற்று என்றே நாம் எல்லோரும் நினைக்கிறோம். அது விபரம் தெரியாதவர்களின் எண்ணம். தாழ்ந்தது என்று ஒருவர் எழுதிக் கொடுத்து, இன்னொருவர் அதை வாங்கி வாசித்து, மூன்றாமவர் முத்திரை குத்தும்வரை எந்தக் கப்பலும் தாழ்வதில்லை. இந்த உண்மையை எங்களுக்குக் கற்றுத் தந்தது கச்சேரி. கச்சேரி என்றதும் வீணை, மிருதங்கம் என்று தேட வேண்டாம். இலங்கையில் கச்சேரி என்றால் அரசாங்க அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர். அங்கேயும் தாளம் போடுவார்கள், பாடமாட்டார்கள். எந்த ஊர்க் கச்சேரி என்று கேட்காதீர்கள். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

பம்பாயில் கொள்ளைநோய் பரவி, துறைமுகம் துறைமுகமாக வெள்ளைக்காரர் எலிக்குப் பயந்துகொண்டிருந்த காலம் அது. எங்கள் பக்கத்தில் மழையும் பொய்த்தது. அரிப்பு என்ற ஊருக்கு வடக்கே கடலில் விழுகிற அருவியாறு வற்றி, அங்கங்கே மடுவாகத் தேங்கி நின்றது. அந்த மடுக்களில் ஒன்றுக்குக் கப்பலடி என்று பெயர். அதன் அடியில் பழைய பாய்க்கப்பல் ஒன்று கிடந்தது.

எப்போது வந்தது, எப்படித் தாழ்ந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆற்றுச் சேறு அதை உப்பில் போட்டு வைத்ததுபோல வைத்திருந்தது. பலகை கறுத்துப்போயிருந்ததே தவிர உளுக்கவில்லை. கோடரியால் கொத்தினால் கோடரிதான் மழுங்கும். மர ஆணிகள்கூட அடித்த இடத்தில் அப்படியே இருந்தன. வங்காலைக்காரர் அது மாதா சுரூபம் ஏற்றிவந்த பறங்கிக் கப்பல் என்றார்கள். முசலிக்காரர் முத்து வாங்க வந்த அரபு வியாபாரியின் கப்பல் என்றார்கள். முருங்கன் பக்கத்து வெள்ளாமைக்காரர் திருக்கேதீச்சரத்துக்குக் கருங்கல் கொண்டுவந்த கப்பல் என்றார்கள். முக்குளித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் கண்டது கெளிற்று மீனும் நண்டும்தான்.

மற்ற வருடங்களில் அது கண்ணுக்குத் தெரியாது. அந்த வருடம் தண்ணீர் நெஞ்சளவுக்கு இறங்கிவிட்டதால் உடைந்த பாய்மரத்தின் அடிக்கட்டையும் நாலைந்து விலாக்கட்டைகளும் வெளியே தெரிந்தன. எங்கள் ஊர் மீன்காரர் தாவூது தன் தோணியைப் பாய்மரக் கட்டையில் கட்டிவிட்டு, ஒரு விலாக்கட்டையில் ஏறி நின்று வீச்சுவலை போடுவார். வாய் திறந்து ஒரு வார்த்தை அதிகம் பேசாத மனிதர். மூத்த மகள் ஸுஹறாவுக்கு எருக்கலம்பிட்டியில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளை பெயர் ஹலீம். சோளகக் காற்று அடங்கியதும் வருகிற ஒரு வெள்ளிக்கிழமை நிக்காஹ். தாவூதின் தலைக்குள் அந்த நாட்களில் வேறு எதுவும் இல்லை.

அவருடைய குடும்பத்தை ஊரில் தண்டல் வீடு என்பார்கள். ஒல்லாந்தர் காலத்தில் அவருடைய முன்னோர் ஒருவர் மீன் வரி தண்டினாராம். வரி போய், ஒல்லாந்தரும் போய், தண்டல் என்ற பெயர் மட்டும் அந்த வீட்டில் தங்கிவிட்டது. பாய்க்கப்பல் ஓட்டுகிற தலைவனுக்கும் எங்கள் கரையில் தண்டல் என்றுதான் பெயர். ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது தமிழின் வளம் என்று பண்டிதர்கள் சொல்வார்கள். அந்த வளத்தினால் சீரழிந்தவர் தாவூது.

ஒருநாள் எங்கள் பகுதி உதவி அரசாங்க அதிபர், அதாவது கச்சேரித் தலைவர், பெம்பர்ட்டன் துரை குதிரையில் அந்த வழியாக வந்தார். அவருக்குப் பழைய பொருட்களில் பைத்தியம். தலைமுறை தலைமுறையாக நாங்கள் முக்குளித்துப் பார்த்த கப்பலை அன்றைக்குத்தான் துரை கண்டுபிடித்தார். உடனே கொழும்புக்கு எழுதினார். கொழும்பில் பழம்பொருள் பார்க்கிற கந்தோர், தண்ணீருக்குள் கிடப்பது தங்கள் வேலை இல்லை என்றது. மரம் பார்க்கிற கந்தோர், மரம்தான், ஆனால் இலை இல்லையே என்றது. கடைசியில் கப்பல் பார்க்கிற கந்தோர் சரியாக ஆராய்ந்து பதில் போட்டது. அந்தக் கப்பல் தாழ்ந்ததாக எந்தப் பதிவும் இல்லை. புறப்பட்டுப் போனதாகவும் பதிவு இல்லை. ஆகவே கப்பல் துறையில் நிற்கிறது. துறையில் நிற்கிற கப்பலுக்குத் தண்டல் யார் என்று உடனே அறிவிக்கவும்.

துரை மறுபடியும் ஆற்றங்கரைக்கு வந்தார். கூடவே கச்சேரியின் மொழிபெயர்ப்பாளர் அமிர்தநாயகம் முதலியார் வந்தார். முதலியார் வீட்டில் பேசுவது எங்கள் தமிழ்தான். துரையின் ஆங்கிலத்தைத் தமிழாக்கும்போது மட்டும் அவருக்குச் செந்தமிழ் வந்துவிடும். அன்றைக்கு வெயில் கொடுமை. அதனால் முதலியார் கேள்வியைச் சுருக்கிவிட்டார்.

"இஞ்சை தண்டல் ஆர்?" என்று கரையிலிருந்து கூப்பிட்டார்.

தாவூது வலையைக் கீழே வைத்தார். "நான்தான் ஐயா. தண்டல் தாவூது."

"எப்ப தொடக்கம்?"

"பரம்பரையா ஐயா. எங்கட வாப்பாவும் தண்டல்தான்."

"இந்தக் கப்பல் எப்ப வந்தது?"

"அது எங்கட மூத்தவாப்பா பிறக்க முன்னமே வந்திட்டுது ஐயா."

முதலியார் இதை ஆங்கிலத்தில் சொன்னார். துரைக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பரம்பரை பரம்பரையாகக் கப்பலைக் கைவிடாமல் நிற்கிற சுதேசி மாலுமி ஒருவன்! தொப்பியைக் கழற்றித் தாவூதுக்கு மரியாதை செய்தார். தாவூது பயந்துபோய்த் தன் தலைத்துண்டை அவிழ்த்தார்.

அடுத்த கேள்வியில்தான் எல்லாம் கெட்டது. துறையில் நிற்கிற கப்பலுக்கு மாலுமிகளின் பெயர் வேண்டும்.

"கப்பலில வேறை ஆர் இருந்தவை?" என்று முதலியார் கேட்டார்.

"கனபேர் இருந்திருப்பாங்க ஐயா."

"அவையெல்லாம் எங்கை?"

தாவூது நேர்மையான மனிதர். "எல்லாரும் மவுத்தாகியிருப்பாங்க ஐயா" என்றார்.

"எல்லாருமோ? என்ன வருத்தம், என்ன நோய்?"

"தெரியாது ஐயா."

"காய்ச்சலோ?"

"காய்ச்சலாகவும் இருக்கலாம் ஐயா."

முதலியார் மொழிபெயர்த்து முடிக்க முன்னமே துரை நாலு அடி பின்னால் போய்விட்டார்.

மறுநாள் தொற்றுநோய்த் தடுப்பு டொக்டர் வண்டர்வோல் வந்து இறங்கினார். அவர் ஒல்லாந்தப் பறங்கியர். கப்பலைப் பார்த்ததும் கண் கலங்கி, இது எங்கள் ஆட்களின் கப்பல் என்றார். பிறகு மூக்கில் லேஞ்சியை, அதாவது கைக்குட்டையை, கட்டிக்கொண்டு கரையில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்து, தூரதிருஷ்டிக் கண்ணாடி வழியாகத் தாவூதின் கமக்கட்டைப் பரிசோதித்தார். அக்குளில் கொள்ளைநோய்க் கட்டி எதுவும் இல்லை. டொக்டரின் முகம் வாடிவிட்டது.

"நோயின் அறிகுறி எதுவும் இல்லை. இதுதான் மிகவும் ஆபத்தான நிலை" என்றார்.

மாலுமிகள் எல்லோரும் செத்த கப்பல். தண்டல் ஒருவர்தான் மிச்சம். டொக்டர் விடுகிறேன் என்று சொல்லும்வரை தண்டல் கப்பலைவிட்டு இறங்கக்கூடாது என்று உத்தரவாயிற்று. கப்பலோ தண்ணீருக்குள். தண்டல் எங்கே நிற்பது? கச்சேரி அதற்கும் வழி செய்தது. பாய்மரக் கட்டையையும் விலாக்கட்டைகளையும் தூணாக வைத்துப் பரண் கட்டி, மேலே கிடுகு வேய்ந்து, தாவூதை அதில் ஏற்றிவிட்டார்கள். சாப்பாட்டுச் சட்டியைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொள்ள வேண்டும். அவருடைய தோணியையும் கரையில் இழுத்துக் கட்டிவிட்டார்கள்.

தொற்றுக் கப்பலுக்கு மஞ்சள் கொடி வேண்டும் என்பது உலகச் சட்டம். கச்சேரி அலுமாரியில் சிவப்பு இருந்தது, நீலம் இருந்தது, மஞ்சள் இல்லை. முதலியார் ஊருக்குள் விசாரித்து, தண்டல் வீட்டில் ஒரு மஞ்சள் பட்டுச் சீலை இருப்பதைக் கண்டுபிடித்தார். அது ஸுஹறாவின் கலியாணத்துக்குக் காயல்பட்டினத்திலிருந்து எடுப்பித்தது. தாவூதின் மனைவி சித்தி மரியம் பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு எழும்பமாட்டேன் என்றாள். முதலியார் அரசாங்கத்தின் பெயரால் வணக்கத்துடன் கேட்டுக்கொண்டார். கூட வந்த பொலிஸ்காரர் வணக்கம் சொல்லாமல் பெட்டியைச் சரித்தார். அன்று பின்னேரமே மணப்பெண்ணின் சீலை பாய்மரத்தில் பறந்தது.

அடுத்தது எலி. கொள்ளைநோய் எலியில் வருவதால் கப்பலின் அடியறைக்குக் கந்தகப் புகை போட வேண்டும். அடியறை முழுவதும் ஆறு நிரம்பியிருந்தது. இரண்டு பேர் கந்தகச் சட்டியைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டு நாள் முழுவதும் புகைத்தார்கள். தாவூது பரணில் இருந்து இருமினார். இருமலை டொக்டர் குறித்துக்கொண்டார். பின்னேரம் எலி எத்தனை செத்தது என்று எண்ணிப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

"ஒரு எலிகூட இல்லை" என்று டொக்டர் துரையிடம் சொன்னார். "தாழப்போகிற கப்பலைவிட்டு எலிகள் முன்னமே ஓடிவிடும் என்பார்கள். என்ன நடந்திருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு நடுங்குகிறது."

இதெல்லாம் ஊருக்கு வேடிக்கை. வங்காலையிலிருந்து ஆட்கள் பொடிநடையாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். தாவூது மட்டும் பரணில் குந்தியிருந்து விரலில் நாட்களை மடக்கினார். வெள்ளிக்கிழமை வந்துகொண்டிருந்தது.

மகளின் நிக்காஹில் வாப்பாதான் வலி, அதாவது பெண்ணின் பொறுப்பாளர். அவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக்கொடுக்க வேண்டும். வலி வர முடியாவிட்டால் அவருக்காக ஒரு வக்கீலை, அதாவது பதிலாளை, வைத்துச் செய்யலாம் என்று பள்ளிவாசலில் ஓதுகிற ஊர் லெப்பை சொன்னார். மாப்பிள்ளையின் தகப்பன் அப்துல் ஹமீட் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. எருக்கலம்பிட்டியிலிருந்து ஆளனுப்பாமல் தானே வந்து ஆற்றங்கரையில் நின்று சத்தம் போட்டார்.

"வாப்பா உயிரோட இருக்கேக்க வக்கீல வச்சு நிக்காஹ் செய்தா ஊர் என்ன சொல்லும்? சம்பந்தி கொள்ளைநோய்க் கப்பல்ல கிடக்கிறார் எண்டெல்லோ சொல்லும்! வெள்ளிக்கிழமை நீங்க இறங்கி வந்து கைப்பிடிச்சுக் குடுக்கோணும். இல்லாட்டி எங்களுக்கு வேற இடம் இருக்கு."

"நான் வாறன் மச்சான், வாறன்" என்றார் தாவூது. எப்படி வருவது என்று அவருக்குத் தெரியாது. அன்றைக்குக் கயிற்றில் வந்த சோற்றை அவர் தொடவில்லை. ஸுஹறா கரையில் நின்று, வாப்பா இல்லாமல் ஓம் என்று சம்மதம் சொல்லமாட்டேன் என்று அழுதாள். உம்மா அவளை இழுத்துக்கொண்டு போனாள்.

துரை வந்தபோது தாவூது பரணில் முழங்காலிட்டுக் கேட்டார். ஒரு நாள், ஒரு நாழிகை, மகளைக் கைப்பிடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து ஆயுள் முழுவதும் கப்பலிலேயே இருக்கிறேன் என்றார். துரை மனம் இளகி ஒரு பிரசங்கம் செய்தார். முதலியார் அதைச் செந்தமிழில் இறக்கினார்.

"துரையவர்கள் திருவாய் மலர்ந்தருளுவதாவது: அன்பான தண்டலே! உன் கண்ணீர் எம் இதயத்தைத் தொட்டது. ஆயினும் எம் இதயம் அரசாங்கத்துக்குச் சொந்தமானது. அதைத் தொடுவதற்கு முன்னனுமதி வேண்டும். கப்பலைக் கைவிட்ட தலைவன் என்று எங்கள் தேசத்தில் ஒருவனும் இலன். எமக்கும் இங்கிலாந்தில் ஒரு மகள் உண்டு. அவளுடைய கலியாணத்துக்கு யாம் போகவில்லை. அன்று எமக்கு நரி வேட்டை இருந்தது. கடமை என்றால் அப்படி!"

டொக்டரும் தன் பங்குக்கு இரக்கப்பட்டார். தோணித் துடுப்பின் ஒரு முனையைத் தாவூதும் மறு முனையைத் தண்ணீருக்குள் நிற்கிற மாப்பிள்ளையும் பிடித்துக்கொண்டால் தொற்று வராது என்றார். லெப்பை தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார்.

"துடுப்பப் பிடிச்சா மாப்பிள்ளைக்குத் துடுப்போடதான் நிக்காஹ் ஆகும். எனக்கு அந்த ஓதல் தெரியாது" என்றார்.

கடைசியில், வெள்ளிக்கிழமையன்று டொக்டர் தாவூதை மறுபடியும் பரிசோதித்து, விடுவதா இல்லையா என்று சொல்வார் என்று முடிவாயிற்று. காவலுக்கு முருங்கனைச் சேர்ந்த சிங்கராசா என்ற பொலிஸ்காரரை நிறுத்தினார்கள். துரை அவருக்குக் கையெழுத்து வைத்து உத்தரவு கொடுத்தார். கொடுக்கும்போது மறுபடியும் பிரசங்கம்.

"சட்டத்தின் முன் ஆண்டானும் அடிமையும் ஒன்றே. இந்தக் கப்பலிலிருந்து எவர் இறங்க முயன்றாலும், அவர் எப்பதவியினர், எவ்வினத்தினர் என்று பாராது தடுத்து நிறுத்துக. எம்முடைய பிரித்தானிய நீதி குருடு என்பதை இந்தச் சனங்கள் காணட்டும்!"

சிங்கராசா சல்யூட் அடித்து, உத்தரவை மடித்துத் தொப்பிக்குள் வைத்தார். தொற்றுக் கப்பலிலிருந்து வருகிற எந்தத் தாளையும் கையால் வாங்கக்கூடாது என்று டொக்டரும் ஒரு உத்தரவு கொடுத்தார். அதையும் தொப்பிக்குள் வைத்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆ முடிந்ததும் எருக்கலம்பிட்டிச் சனம் ஆற்றங்கரைக்கு வந்தது. பெண்களுக்குப் பாய் கட்டி மறைப்புச் செய்திருந்தார்கள். ஸுஹறா இரவல் சீலையில் அதற்குள் இருந்தாள். மருத மரத்தடியில் நெய்ச்சோறும் ஆட்டிறைச்சியும் வெந்துகொண்டிருந்தன. ஹலீம் வெள்ளைச் சட்டையும் துருக்கித் தொப்பியுமாக நின்று, பரணில் குந்தியிருந்த மாமனாரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்துல் ஹமீட் யாரையும் பார்க்கவில்லை.

துரை, டொக்டர், முதலியார் மூவரும் வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு படம் பிடிக்கிறவரும் பெட்டியோடு வந்தார். கண்டுபிடித்த கப்பலின்மேல் துரை நிற்கிற படம் லண்டனில் ஒரு சங்கத்துக்குப் போக வேண்டுமாம். துரை தாவூதின் தோணியில் ஏறிப் பரணுக்குப் போனார். குடை பிடிக்க முதலியார் போனார். பரிசோதனையைப் பிறகு பார்க்கலாம், படத்தில் தானும் இருந்தால் நல்லது என்று டொக்டரும் போனார். சட்டம் எழுதுகிறவர்களைச் சட்டம் தொற்றுவதில்லை என்ற நம்பிக்கையில் மூவரும் பரணில் ஏறினார்கள். தோணி தள்ளிவந்த ஆள் அதைத் திருப்பிக் கரைக்குக் கொண்டுபோய்விட்டான்.

படம் நன்றாக வந்ததாகப் பிறகு சொன்னார்கள். அதில் துரையின் மீசை, சப்பாத்து, கைத்தடி எல்லாம் துல்லியமாம். கப்பல் மட்டும் விழவில்லையாம்.

"இனி இறங்குவோம்" என்றார் துரை.

சிங்கராசா தண்ணீர் ஓரத்துக்கு வந்து தொப்பியைக் கழற்றி உத்தரவை எடுத்து விரித்தார்.

"மன்னிக்கோணும் துரை. இறங்கேலாது."

"ஐயோ சிங்கராசா, ஆரைப் பார்த்து என்ன சொல்லுறாய்?" என்று முதலியார் கத்தினார். அவசரத்தில் செந்தமிழ் போய்விட்டது. "துரையெல்லோ!"

"தெரியும் ஐயா. எப்பதவியினர் எண்டு பாராமல் எண்டு இதில கிடக்கு. துரையின்ர கையெழுத்துத்தான்."

துரை சிவந்துபோய், அந்த உத்தரவை இரத்துச் செய்கிறேன் என்று சட்டைப்பையிலிருந்து தாள் எடுத்து எழுதி நீட்டினார். சிங்கராசா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "தொற்றுக் கப்பலில இருந்து வாற தாளை வாங்கக்கூடாது எண்டு டொக்டர் ஐயாவின்ர உத்தரவு. நான் என்ன செய்ய?"

டொக்டர், எங்களுக்கு நோய் இல்லை என்று நான் சான்று தருகிறேன் என்றார். நோய்க் கப்பலில் நிற்கிறவரின் சான்றைத்தான் நான் எப்படி வாங்குவது என்று சிங்கராசா மிகவும் வருத்தத்தோடு கேட்டார். அவர் கேலி செய்யவில்லை. அப்படிப்பட்ட மனிதர்.

வெயில் ஏறியது. பரணில் நாலு பேருக்கு இடம் போதாது. துரை தாவூதின் பாயில் உட்கார்ந்தார். நெய்ச்சோற்றின் வாசம் தண்ணீரைக் கடந்து வந்தது. முதலியார் ஒருமுறை தும்மினார். டொக்டர் அவரைவிட்டு விலக இடம் தேடி, இடம் இல்லாமல், தன் லேஞ்சியை எடுத்து முதலியாரின் மூக்கில் கட்டினார். கரையில் அப்துல் ஹமீட் தன் ஆட்களிடம் மாட்டுவண்டிகளைப் பூட்டச் சொல்வது தாவூதுக்குக் கேட்டது. அவர் பாய்மரக் கட்டையில் தலையை முட்டிக்கொண்டு, யா அல்லாஹ் என்றார்.

வழி கண்டவர் முதலியார். லேஞ்சிக்குப் பின்னால் இருந்து அவர் துரையின் காதில் சொன்னார்: உத்தரவில் இருப்பது 'கப்பலிலிருந்து இறங்க' என்பது. கப்பல் தாழ்ந்துவிட்டால் அதிலிருந்து யாரும் இறங்குவதில்லை. தப்புகிறார்கள். தப்பி வருகிறவர்களைத் தடுக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை.

துரை எழுந்து நின்றார். "கப்பல் தாழ்கிறது!" என்று ஆங்கிலத்தில் முழங்கினார். முதலியார் அதைத் தமிழில் முழங்கினார்.

சிங்கராசா மடுவைப் பார்த்தார். அலைகூட இல்லை. "தாழுது எண்டு தண்டல்தான் சொல்லோணும் துரை. பயணியள் சொன்னா எடுபடாது" என்றார்.

மூவரும் தாவூதின் பக்கம் திரும்பினார்கள். அவரை அவர்கள் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"சொல்லும், தண்டல். கப்பல் தாழுது எண்டு சொல்லும்" என்றார் முதலியார்.

தாவூதுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாழ்ந்துபோவதை எங்கள் பேச்சில் தாண்டுபோவது என்போம். "அது எப்பவோ தாண்டிட்டுதே ஐயா?"

"எப்பவோ வேண்டாம்! இப்ப எண்டு சொல்லும்!"

"என்ட புள்ளைக்கு நிக்காஹ் நாள் ஐயா. வெள்ளிக்கிழமையும். இண்டைக்குப் போய்ப் பொய் சொல்லச் சொல்லுறீங்களே!"

துரை கெஞ்சுகிற குரலில் ஏதோ சொன்னார். முதலியார் அதை மொழிபெயர்க்கவில்லை, மொழிபெயர்க்கத் தேவையும் இருக்கவில்லை. அப்போது பாய் மறைப்புக்குள்ளிருந்து சித்தி மரியம் வெளியே வந்து முந்தானையை இறுக்கிக்கொண்டு தண்ணீர் ஓரத்தில் நின்றாள்.

"இஞ்சாருங்கோ! அந்தக் கப்பல் தாண்டு கிடக்கோ, இல்லையோ?"

"தாண்டுதான் கிடக்கு, மரியம்."

"அப்ப அதச் சொல்லுங்கோவன்! எப்ப எண்டு அந்தப் பொலிஸ்கார மனிசன் கேட்டவரோ? வண்டில் பூட்டுறாங்க, வாய் திறவுங்கோ!"

தாவூது பிஸ்மி சொல்லி வாயைத் திறந்தார். "கப்பல் தாண்டு போச்சு!" என்று ஆற்றின் இரு கரையும் கேட்கக் கத்தினார். அவர் வாழ்க்கையில் போட்ட பெரிய சத்தம் அதுதான்.

சிங்கராசா உத்தரவுகளை மடித்துத் தொப்பிக்குள் வைத்தார். பெண்களும் குழந்தைகளும் முதலில் என்று துரை உரக்கச் சொன்னார். பரணில் பெண்களும் இல்லை, குழந்தைகளும் இல்லை. ஆகவே துரை முதலில் குதித்தார். டொக்டர் இரண்டாவது. முதலியார் குடையை விரித்தபடியே இறங்கினார். நெஞ்சளவு தண்ணீரில் மூவரும் மாடு கடக்கிற மாதிரிக் கடந்து கரையேறினார்கள். ஊரார் அவர்களைக் கைகொடுத்துத் தூக்கி, தப்பிப் பிழைத்தவர்களுக்குச் செய்வதுபோல வென்னீர் கொடுத்தார்கள்.

தாவூதும் இறங்கினார். பாதி வழி வந்தபோது கரையிலிருந்து துரை கையை நீட்டித் தடுத்தார். கப்பல் முழுவதும் தாழும்வரை தலைவன் அதில் நிற்க வேண்டும், அதுதான் கடல் மரபு என்றார். வென்னீர் குடித்ததும் அவருக்கு மரபு நினைவு வந்துவிட்டது. முதலியார் அதை மொழிபெயர்த்தார். தாவூது நடு ஆற்றில் நின்றுவிட்டார். முன்னால் துரை, பின்னால் கப்பல். திரும்பிப் போவதா, வருவதா என்று தெரியாமல் அந்த மனிதர் தண்ணீருக்குள் நின்று அழுதார்.

அப்போது ஹலீம் ஆற்றில் இறங்கினான். புதுச் சட்டையோடும் தொப்பியோடும் தண்ணீரை அடித்துக்கொண்டு ஓடினான். தன் வாப்பா பின்னால் இருந்து கூப்பிட்டதை அவன் கேட்டதாகத் தெரியவில்லை. மாமனாரை எட்டி அவருடைய வலது கையைப் பற்றினான்.

"வாங்கோ மாமா. விழுந்திருவீங்க."

கரையில் லெப்பை எம்பிக் குதித்தார். "விடாதீங்கோ! கை சேந்திட்டுது, விடாதீங்கோ! சாட்சி ரெண்டு பேர் இறங்குங்கோ, கெதியா!"

சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு லெப்பை இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றார். சாட்சிகள் போனார்கள். அப்துல் ஹமீட் வண்டில் நுகத்தை விட்டுவிட்டு, சம்பந்தி தண்ணீரில் நிற்கிறபோது தான் கரையில் நிற்கக்கூடாது என்று அவரும் இறங்கினார். கச்சேரி அடுத்த உத்தரவை யோசிக்க முன்னம் லெப்பை ஓதிவிட்டார். தாவூது, என் மகள் ஸுஹறாவை உங்களுக்கு நிக்காஹ் செய்து தந்தேன் என்றார். ஹலீம், ஏற்றுக்கொண்டேன் என்றான். பெண்ணின் சம்மதம் கேட்க ஆள் போக முன்னமே பாய் மறைப்புக்குள்ளிருந்து, "ஓம் வாப்பா, ஓம்!" என்று ஒரு சத்தம் வந்தது. பெண்கள் குரவையிட்டார்கள். துரையும் ஏதோ நல்லது நடக்கிறது என்று நினைத்துக் கைதட்டினார்.

கப்பல் தாழ்ந்தால் விசாரணை வேண்டும். துரையே தலைமை தாங்கினார். காற்று இல்லாத வெள்ளிக்கிழமை, அலை இல்லாத ஆற்றில், அரசாங்கத்தின் கொடி பறந்த பழம்பெரும் கப்பல் ஒன்று இழக்கப்பட்டது. பயணிகள் மூவரும் துரையின் நிதானத்தால் உயிர் தப்பினார்கள் என்று முதலில் எழுதினார்கள். பிறகு தாவூதைக் கூப்பிட்டார்கள்.

"கப்பல் தாழேக்கை நீர் என்ன செய்துகொண்டிருந்தனீர்?" என்று முதலியார் கேட்டார்.

"மகளக் கைப்பிடிச்சுக் குடுத்துக்கொண்டிருந்தனான் ஐயா."

"கப்பல் போனது உமக்குக் கவலை இல்லையோ?"

தாவூது யோசித்துச் சொன்னார். "அது தாண்டபடியாத்தான் ஐயா கலியாணம் நடந்தது."

முதலியார் இதை, மகளின் கலியாணத்துக்காகவே கப்பலைத் தாழ்த்தியதாகத் தண்டல் ஒப்புக்கொள்கிறார் என்று மொழிபெயர்த்தார். துரை எழுந்து நின்று தொப்பியைப் போட்டுக்கொண்டார். பிறகு தீர்ப்பு வந்தது.

"கடலின் மானத்தைக் குடும்ப சுகத்துக்காக விற்றவனே! உன் தண்டல் உரிமையை யாம் பறிக்கின்றோம். இனி நீயோ உன் வீட்டாரோ உயிருள்ளவரை எந்தக் கப்பலுக்கும் தண்டலாக இருக்கக்கூடாது. எந்தக் கப்பலிலும் கால் வைக்கவும் கூடாது. இதைவிடக் கொடிய தண்டனை ஒரு மாலுமிக்கு இல்லை என்பதை அறிந்து துயருறுவாயாக. போகலாம்."

தாவூது போகவில்லை. கச்சேரி சொன்னதில் முதல்முறையாக அவருக்கு எல்லாமே விளங்கியிருந்தது. தலைத்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன வேணும்?" என்றார் முதலியார்.

"துரை இப்ப சொன்னத எழுத்தில தருவாரோ ஐயா? பெரிய முத்திரையாக் குத்தி?"

"அதேன்?"

"எனக்கு இன்னும் ஒரு புள்ள இருக்கு ஐயா. அதையும் கட்டிக் குடுக்கோணும்."